குறிப்புக் கட்டத்தைப் படம் எடுத்தவள்

எங்கள் தோட்டம் விற்கப்பட்டு தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது நூற்று நாற்பத்தொரு குடும்பங்கள் பிரிந்து போயின. கோயில் மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் அப்படியே நிற்கிறது. வருடம் ஒருமுறை திருவிழாவுக்கு எல்லாரையும் கூப்பிட வேண்டும். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பன்னிரண்டு வருடங்களாக நான்தான் வைத்திருக்கிறேன். கோலசிலாங்கூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எனக்கு வேலை. பட்டியல் போடுவது பழக்கம். பெயர், முகவரி, தொலைபேசி எண், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம்.

குறிப்பைப் பென்சிலில்தான் எழுதுவேன், ஏனென்றால் அது மாறும். ‘முட்டி வலி, நாற்காலி போடவும்.’ ‘தம்பியோடு பேச்சில்லை, வேறு மேசை.’ ‘மருமகளுக்கு இரண்டு முறை கரு கலைந்தது, குழந்தை பற்றிக் கேட்க வேண்டாம்.’ ‘துக்க வீடு, ஒரு வருடம் பத்திரிகை கூடாது.’ வந்தவர்கள் யாரும் மனம் சுருங்காமல் உட்கார்ந்து சாப்பிட்டுப் போக வேண்டும், அதற்காக எழுதியவை. என்னை நம்பிச் சொன்னார்கள். என் கணவர்கூட அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை.

போன திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பு என் தோழி வந்தாள். லயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கை. என் கல்யாணத்தில் என் பக்கத்தில் நின்றவளும் அவள்தான். இரண்டு வருடமாக ஏதோ ஒரு சத்துப் பவுடர் நிறுவனத்தில் சேர்ந்து, தனக்குக் கீழே ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள். நான் சேரவில்லை. ஆனால் அதற்காக நட்பை விடவும் இல்லை.

“நீ ஒருத்தியே எத்தன பேருக்குத்தான்டி போன் போடுவ? பாதிய என்கிட்ட குடு லா. நான் கூப்பிட்டுச் சொல்றேன்” என்றாள்.

நான் பாதியைக் கொடுக்கவில்லை. முழுக் கோப்பையும் கொடுத்தேன். மூன்றாம் நாள் கோப்பு திரும்பி வந்தது, தாள்கள் வரிசை மாறாமல், ஒரு மூலைகூட மடங்காமல்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் கலும்பாங்கிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்க்கரை நோய், முதலில் காலை எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டார்.

“எங்க வீட்டு விஷயத்த நீ எழுதி வச்சிருக்கியாமே?”

“யாருக்கா சொன்னா?”

“உன் கூட்டாளிதான். போன் போட்டா. அவருக்கு எந்தக் கால எடுத்தாங்கங்கிற வரைக்கும் சொல்றா. ‘அண்ணன் இந்தப் பவுடர மூணு மாசம் முன்னாடி குடிச்சிருந்தா கால எடுத்திருக்க வேணாம், ஆளும் இருந்திருப்பாரு. நீங்க கவனிக்காம விட்டுட்டீங்கக்கா. புள்ளைங்களயாச்சும் காப்பாத்துங்க’ன்னு சொன்னா. நான் அவள என்னான்னு கேக்கறது? நீ எழுதினதத்தான அவ படிச்சா.”

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பேசி முடித்து, “சரிம்மா, நீ வேலையப் பாரு” என்று வைத்துவிட்டார்.

அன்றும் மறுநாளும், குறிப்பு எழுதியிருந்த இருபத்திரண்டு பேருக்கு அழைத்துக் கேட்டேன். பத்தொன்பது பேரிடம் அவள் பேசியிருந்தாள். ஒவ்வொரு குறிப்புக்கும் அவளிடம் ஒரு டப்பா இருந்தது. முட்டி வலிக்காரருக்கு முட்டியில் போடும் ஒரு பெல்ட். கரு கலைந்த மருமகளுக்கு மாத்திரை. பேச்சில்லாத அண்ணன் தம்பி இருவரையும் தனித்தனியே அழைத்து, மற்றவர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். “படம் எடுத்தியா?”

“எடுத்தேன் லா. அதுல என்னாடி இருக்கு? நான் என்ன திருடவா போனேன்? என்னச் சேத்துவிட்ட அப்லைன் சொல்வாரு, எங்க வலி இருக்கோ அங்கதான் நம்ம உதவி போய்ச் சேரணும்னு.”

“உதவியா இது?”

“நீ அன்னிக்கே சேந்திருந்தா இந்நேரம் கோல்டு மெம்பர் ஆயிருப்ப. கெட, ஃபைல் அடுக்கிக்கிட்டு.”

திருவிழாவுக்கு ஆட்கள் வந்தார்கள். சாமி கும்பிட்டார்கள், சாப்பிட்டார்கள். ஆனால் வாசலில் நான் போட்டிருந்த மேசையை எல்லாரும் கடன் கேட்கும் உறவினரைத் தாண்டுவது போலத் தாண்டினார்கள். “நம்பர் ஏதும் மாறலையே?” என்று கேட்டால், “பழசுதாம்மா” என்றார்கள். அதில் நான்கு பேருடைய எண் மாறியிருந்தது எனக்குத் தெரியும். முட்டி வலிக்காரர் தன் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து போனதும், “வேணாம்மா, நீ உக்காரு” என்றார்.

அன்றிலிருந்து ஆறு மாதம் நான் காத்திருந்தேன். எதற்கு என்று தெரியாமலே காத்திருந்தேன்.

அவள் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு சனிக்கிழமை காலை பத்திரிகைத் தட்டோடு என் வீட்டு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“யாரும் கதவத் தொறக்க மாட்டேங்கறாங்கடி. உள்ள டிவி ஓடுது. வாசல்ல செருப்பு கெடக்குது. ‘அம்மா இல்ல’ங்குது புள்ள. தட்ட ஏந்திக்கிட்டு வெயில்ல நிக்கிறேன். பவுடரு விக்க வந்திருக்கேன்னு நெனைக்கிறாங்க.”

“நெனைக்கட்டும்.”

“நீ கூட வந்தா தொறப்பாங்க. எனக்காக வேணாம், எம்பொண்ணுக்காக வா. மாப்ள வீட்டுக்காரங்க ரவாங்குல பெரிய குடும்பம். நம்ம பக்கம் மேசையெல்லாம் காலியா கெடந்தா அவ மூஞ்ச எங்க வச்சுக்குவா?”

அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிரில் கதவுக்கு வெளியே அவள் தட்டோடு நின்றதை மனத்துக்குள் இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். பிறகு எத்தனை வீடு என்று கேட்டேன். பதினாறு என்றாள்.

“பதினேழு. கலும்பாங் அக்காவையும் சேத்து. ஒவ்வொரு வீட்டுலயும் நீ பத்திரிகை வைக்கறதுக்கு முன்னாடி, என் கோப்புலேருந்து என்ன எடுத்த, அவங்ககிட்ட என்ன சொன்ன, அத உன் வாயால சொல்லணும். நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன்.”

“என்னாடி, போலீஸ் ஸ்டேஷனா இது?”

“வேணாம்னா தட்ட எடுத்துக்கிட்டுப் போ.”

முதல் ஞாயிறு புக்கிட் பெலிம்பிங்கில் தொடங்கினோம். முட்டி வலிக்காரர் வீடு. அவளுக்கு வாய் குழறியது. “அது வந்து... உங்க முட்டி... இவ எழுதி வச்சிருந்தத...” என்று நிறுத்தினாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கழுத்து சிவந்து, புடவை முந்தானையைத் திருகித் திருகி, ஒருவழியாகச் சொல்லி முடித்தாள். எனக்கு நிறைவாக இருந்தது. இரண்டாம் வீடும் அப்படித்தான்.

மூன்றாம் வீட்டில் கொஞ்சம் சரளமாக வந்தது. சுங்கை புரோங்கில், நெல்வயல் ஓரத்து நான்காம் வீட்டில், நெஞ்சில் கை வைத்தாள். ஐந்தாம் வீட்டிலும் அதே வாக்கியத்தில், அதே இடத்தில் நெஞ்சில் கை வைத்தாள். “நான் பேராசக்காரி இல்லக்கா, அறியாதவ” என்பதற்குப் பிறகு ஒரு நிறுத்தம், பிறகு கண்ணீர். ஆறாம் வீட்டில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் கண்ணீர் வந்தது, முந்தைய வீட்டைப் போலவே. பவுடர் நிறுவனக் கூட்டங்களில் ஒவ்வொருவராக மேடையேறித் தன் கதையைச் சொல்வார்கள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். நான் அவளுக்குப் பதினாறு மேடை போட்டுக் கொடுத்திருந்தேன்.

வீட்டுக்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டார். “விடும்மா, தப்பு பண்ணாதவங்க யாரு இருக்கா? கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வர்றோம்.” பிறகு என்னைப் பார்த்தார். “நீ ஏம்மா இப்படி உர்ருன்னு உக்காந்திருக்க? கூட்டாளிதான, மன்னிச்சு விடேன்.”

எட்டாம் வீட்டில் ஒருவர், “அந்த பெல்ட்டு இன்னும் கெடைக்குதா?” என்று கேட்டார். அவள் கை கைப்பைக்குள் போய்விட்டது. நான் பார்த்தேன். கை வெறுமையாக வெளியே வந்தது.

காரில் ஏறியதும், “பாத்தியாடி, எட்டு வீடும் வர்றேன்னுட்டாங்க” என்றாள். அவள் குரலில் ஆறு மாதத்துக்கு முந்தைய தெம்பு வந்திருந்தது. தண்டனை என்று நான் நினைத்ததை அவள் தொழிலாக்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு மீதி எட்டு வீட்டையும் மதியத்துக்குள் முடித்துவிட்டு, கலும்பாங் போனோம். காரை நிறுத்தியதும், “தட்டு இங்கயே இருக்கட்டும்” என்றேன். “வருஷம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அந்த வீட்டுக்குப் பத்திரிகை குடுக்கக் கூடாது.”

“அப்பறம் எதுக்குடி இவ்ளோ தூரம் வந்தோம்?”

“உள்ள வந்து உக்காரு. நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

அக்கா கதவைத் திறந்தார், என் முகத்துக்காகத்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, வழிவிட்டார். மூவரும் உட்கார்ந்தோம். சுவரில் மாலை போட்ட படம்.

“அக்கா, அன்னிக்கு இவ போன்ல சொன்னத நீங்க திரும்ப இவகிட்ட சொல்லுங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆறு மாதமாக மனத்துக்குள் ஓடிய வாக்கியங்கள் என்பது கேட்டவுடன் தெரிந்தது. ஒரு சொல் விடவில்லை. “‘அண்ணன் இந்தப் பவுடர மூணு மாசம் முன்னாடி குடிச்சிருந்தா கால எடுத்திருக்க வேணாம்.’ அப்படித்தான சொன்ன? ‘நீங்க கவனிக்காம விட்டுட்டீங்கக்கா.’ நான் தெனமும் புண்ணுக்கு மருந்து வச்சிக் கட்டினேன்மா. ரெண்டு வருஷம். காலைலயும் சாயங்காலமும். நான் கவனிக்கலன்னு எங்க எழுதியிருந்துச்சு, நீ படிச்ச?”

அவள் கை நெஞ்சுக்குப் போனது. “அக்கா, நான் அறியா...”

நான் கையை உயர்த்தினேன். அவள் வாயை மூடினாள். இந்த முறை கண்ணீர் மூன்றாம் நிமிடத்தில் வரவில்லை. வரவே இல்லை. முகம் மட்டும் வெளுத்துப்போய், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா எழுந்து உள்ளே போனார். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. தட்டில் இரண்டு கோப்பை தேநீரோடு வந்தார். ஒன்றை எனக்குக் கொடுத்தார். மற்றதைத் தான் எடுத்துக்கொண்டார். அவளுக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வைக்கவில்லை.

நான் அவசரப்படாமல் குடித்தேன். சூடு ஆறும் வரை ஊதி, அடியில் கிடந்த சர்க்கரை வரை குடித்தேன். அவ்வளவு ருசியான தேநீரை நான் குடித்ததில்லை.

வாசலில் அக்கா என் கையைப் பிடித்தார். அன்பாக என்று சொல்ல முடியாது. “எம்பேருக்குப் பக்கத்துல எழுதினத அழிச்சிரு. இனிமே எங்க வீட்டப் பத்தி ஒண்ணும் எழுதாத. திருநாளுக்கு நானா வருவேன்.”

“சரிக்கா” என்றேன். அதுவும் எனக்கு வர வேண்டியதுதான்.

அவள் வீட்டுக்கு முன்னால் நிறுத்தியபோது, இறங்காமல் கேட்டாள். “இப்ப திருப்தியாடி உனக்கு?”

“ஆமா.”

தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பதினான்கு குடும்பங்கள் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். முகூர்த்தத்துக்கு முன்னால் அவள் பெண் என்னை மூன்று முறை கைப்பேசியில் அழைத்தாள். அவள் எண்தான் என்று தெரிந்தே, மணி அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.