பதினாலு இன்னும் வரவில்லை

கல்யாணப் பேச்சுக்காக என் மனைவியின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது மணி காலை ஆறு இருபது. "அப்பா காலைல வரச் சொல்றார்" என்று அவள் சொல்லியிருந்தாள். காலை என்றால் எத்தனை மணி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மைசூர் விஜயநகரில் அந்தத் தெரு முழுக்க கேட் பூட்டிக் கிடந்தது. ஒரு நாய் வந்து என் புது ஷூவை முகர்ந்துவிட்டுப் போனது.

அவள் அப்பாவே கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். இரண்டு டம்ளர் காபி வந்தது. இரண்டையும் தட்டுப் போட்டு மூடிவிட்டு, ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். அரை மணி நேரம் போயிற்று. நடுவில் ஒரு தடவை ஏதோ அடித்தார். என் படிப்பு, வேலை, அப்பா அம்மா என்று நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த எதையும் அவர் கேட்கவில்லை. மூடிய டம்ளரைப் பார்த்துப் பார்த்து, சரி, இந்த வீட்டில் நமக்குத் தண்ணீர்கூடக் கிடையாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஃபோன் அதிர்ந்தது. தட்டை எடுத்தார்.

"எல்லாரும் வந்தாச்சு. குடிங்க" என்றார்.

அந்த எல்லாரும் யார் என்று, கல்யாணமாகி அந்த வீட்டோடு இருக்க வந்த பிறகுதான் தெரிந்தது. மாமா படித்தது ஒரு போர்டிங் ஸ்கூலில். மைசூர், சாமராஜநகர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ப் பையன்களும் கன்னடப் பையன்களும் ஒரே கூடத்தில் படுத்து எழுந்தவர்கள். கட்டிலுக்கு ஒரு நம்பர். சட்டையிலும் தட்டிலும் அதே நம்பர். காலையில் வரிசையில் நின்று ஒவ்வொருவனாகத் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒருத்தன் வரவில்லையென்றால் வரிசை அங்கேயே நிற்கும். அவன் வந்து வாயைத் திறக்கும்வரை யாருக்கும் காபி கிடையாது, டிபன் கிடையாது.

எல்லோரும் ரிட்டயராகிவிட்டார்கள். எட்டுப் பேர் மிச்சம். அந்த எட்டுப் பேரும் இன்னமும் காலை ஆறரைக்கு வாட்ஸப்பில் வரிசை கட்டி நிற்கிறார்கள். மூணு வந்தால்தான் ஆறு வரலாம். பதினொண்ணு வந்தால்தான் பதினாலு. கடைசி நம்பர் விழுகிறவரை எட்டு வீட்டில் காபி மூடியே இருக்கும். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. மாமா, பதினாலு.

மாமா தினமும் லேட். ஆறே முக்காலுக்கு முன்னால் அவர் நம்பரைப் போட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு அடுத்தவர் பதினேழு. பதினேழுக்குச் சர்க்கரை வியாதி வேறு. "யாகோ பதினாலு" என்றுதான் அவருடைய செய்தி ஆரம்பிக்கும். கன்னடத்தில் 'ஏன்டா' என்பதுதான் யாகோ. "யாகோ பதினாலு, செத்துட்டியா? சாகறதா இருந்தா சொல்லிட்டுச் சாவுடா. நான் இட்லி திங்கணும்." இதை மாமா சமையலறைவரை கேட்கிற மாதிரி சத்தமாகப் படிப்பார். அதற்கப்புறம்தான் மெதுவாக பதினாலு என்று அடிப்பார்.

என்னை மட்டும் அவர் திட்டியதே இல்லை. ஒரு நாள் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டேன். மாடு உள்ளே வந்து செடி முழுக்கத் தின்றுவிட்டது. "பரவாயில்ல மாப்பிள்ளை" என்றார். இரண்டு வருஷமாக 'வாங்க', 'சாப்பிடுங்க', 'பரவாயில்ல'. அந்தப் பரவாயில்ல என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

என் அப்பா அம்மா தருமபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கடிகாரம் பார்க்கத் தெரிந்த முதல் ஆள் நான். பால் வண்டி சத்தம் கேட்டதும் அம்மா என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவாள். போய்ப் பார்த்தால் கேட் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். லேட்டாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதோடு படிப்பு போச்சு என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயம் அப்படியே எனக்கு வந்துவிட்டது. இப்போதும் கம்பெனி பஸ் ஏழேகாலுக்கு என்றால் நான் ஏழுக்கே முக்கில் நிற்பேன்.

போன மழைக்காலத்தில் மாமா தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போய், ஈரப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கண்ணாடி தூள். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாமல், என்னைக் கூப்பிட்டு ஃபோனைக் கையில் திணித்தார்.

"காலைல நீங்க போட்டுடுங்க மாப்பிள்ளை. பதினொண்ணு வந்ததும் பதினாலு. வேற ஒண்ணும் எழுதாதீங்க. எவனுக்கும் தெரியக் கூடாது."

"சொன்னா வந்து பார்ப்பாங்க இல்ல மாமா?"

"அதுக்குத்தான். ஆறைப் பார்த்தீங்க இல்ல?"

பார்த்திருந்தேன். ஆறு கொள்ளேகாலில் இருக்கிறவர். ஒரு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை போயிற்று, பேச்சு குழறியது. அதிலிருந்து அவர் நம்பர் எவ்வளவு லேட்டாக வந்தாலும் "பரவாயில்லப்பா, மெதுவா வா" என்றுதான் எழுதுவார்கள். கூடவே கும்பிடுகிற கை பொம்மை.

"இப்ப அவனைத் திட்டறதுக்கு ஆளே இல்ல" என்றார் மாமா. "கும்பிட ஆரம்பிச்சுட்டாங்கன்னா அதோட ஆள் காலி. என்னையும் கும்பிட விட்டுடாதீங்க."

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இரவில் நான் துணை. காலை ஏழு மணிக்கு என் மனைவி வந்து மாற்றிக்கொள்வாள். முதல் நாள் காலை ஐந்தரைக்கே எழுந்து, முகம் கழுவி, அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆறரைக்கு மூணு வந்தது. ஆறு, ஒன்பது, பதினொண்ணு. பதினொண்ணு விழுந்த நொடியே நான் பதினாலு போட்டேன். மணி ஆறு முப்பத்திரண்டு. எல்லாம் ஒழுங்காக முடிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் அதே மாதிரி. நான் நிம்மதியாக இருந்தேன். மாமாதான் நிம்மதியாக இல்லை.

"என்ன எழுதினாங்க?"

"ஒண்ணும் எழுதல மாமா."

"ஒண்ணுமேவா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இட்லியைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் பதினேழிடமிருந்து ஒரு செய்தி. "என்னடா பதினாலு, சீக்கிரமா வர்றே? உடம்பு சரியில்லையா?" ஒன்றும் எழுதாதீர்கள் என்று மாமா சொல்லியிருந்தார். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால் சந்தேகம் வருமே. அறுபத்தொன்பது வயசுக்காரரை டா போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. "நன்றாக இருக்கிறேன். சீக்கிரம் விழிப்பு வந்துவிட்டது" என்று எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்து அனுப்பினேன்.

நான்காம் நாளிலிருந்து திட்டு ஆரம்பித்தது.

"யாகோ பதினாலு, லேட்டு. என் வயிறு என்ன உங்கப்பன் வீட்டுச் சத்திரமா?"

மணியைப் பார்த்தேன். ஆறு முப்பத்தொன்று. பதினொண்ணு வந்து பத்து நொடிகூட ஆகவில்லை. ஐந்தாம் நாள் விரலைத் தயாராகத் திரையின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அப்படியும் லேட்டு என்றார்கள். பதினேழு மட்டுமில்லை, ஒன்பதும் சேர்ந்துகொண்டது. மாமா ஃபோனில் மணி தப்பாகக் காட்டுகிறதோ என்று என் ஃபோனை வைத்துப் பார்த்தேன். நர்ஸ்மார் உட்காரும் இடத்துச் சுவர்க் கடிகாரத்தையும் போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவைகூட லேட் என்று பெயர் வாங்காதவன் நான். வேலையில் உட்கார்ந்தால் அதே நினைப்பு. நட்டு போல்ட்டை அளந்துகொண்டே, எங்கே தப்பு பண்ணுகிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு மட்டும் அது மருந்தாக வேலை செய்தது. கண்ணாடி இல்லாததால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். "சத்திரமாங்கறானா? இன்னொரு வாட்டி படிங்க" என்பார். சிரித்தால் தையல் இழுக்கும். இழுக்க இழுக்கச் சிரித்துவிட்டு மூன்று இட்லி சாப்பிட்டார்.

ஏழாம் நாள் கீழே மருந்து வாங்கப் போன இடத்தில், தலையில் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் என் முன்னால் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் புதுப் பதினாலா?"

எனக்குக் கையிலிருந்த சீட்டு நழுவியது.

"நான் பதினேழு. பயப்படாதே" என்றார். "ரிட்டயரானதிலேருந்து அந்தக் கழுதை ஒரு நாளும் டயத்துக்கு வந்ததில்ல. ரெண்டு நாள் சேர்ந்தாப்பல வந்தான். மூணாவது நாள் மரியாதையா வேற எழுதினான். உடனே வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா சார்?"

"தெரியும். ஆறுக்கு மட்டும் சொல்லல. பாவம், தாங்க மாட்டான்."

"பின்ன எதுக்கு லேட்டுன்னு திட்டறீங்க? நான் சரியாத்தானே போடறேன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவன் சாப்பிடறானா?"

"சாப்பிடறார்."

"அப்பறம் என்ன? நான் வந்தேன்னு சொல்லாதே. நாளைக்கு இன்னும் பெரிசா திட்டறேன். சத்தமாப் படி."

அதற்கப்புறம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அங்கே இவரைப் பற்றிப் பொய், இங்கே அவர்களைப் பற்றிப் பொய், நடுவில் நான். ஒவ்வொரு நாளும் திட்டைச் சத்தமாகப் படித்தேன். படிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் புதுக் கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டதும் முதல் வேலையாக ஃபோனைக் கேட்டார். நான் எதிர்பார்க்கவே இல்லை. பன்னிரண்டு நாளையும் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் படித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. செய்திக்குக் கீழே சின்ன எழுத்தில் மணி இருக்கிறதல்லவா.

"ஆறு முப்பத்தொண்ணுக்குப் போட்டிருக்கீங்க."

"ஆமா மாமா."

"ஆறு முப்பத்தொண்ணுக்கே லேட்டுங்கறான்."

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினேழு வந்ததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாளாவது லேட்டாப் போடணும்னு உங்களுக்குத் தோணலையா மாப்பிள்ளை?" என்றார். நிஜமாகவே தோன்றவில்லை. அதை எப்படிச் சொல்வது. "பரவாயில்ல விடுங்க" என்று தானே சொல்லிக்கொண்டார். "தெரிஞ்சு வச்சுக்கிட்டு, கும்பிடறதுக்குப் பதிலா திட்டியிருக்கான். எல்லாம் ஒண்ணுதான்."

மறுநாள் காலை வரிசை ஆரம்பித்தது. என் மனைவி அந்த வாரம் முழுக்க லீவு போட்டிருந்தாள். மூடிய காபியோடு சமையலறை வாசலில் நின்றாள். நான் ஷூ போட்டுத் தயாராக இருந்தேன். பதினொண்ணு வந்தது. மாமா ஃபோனைத் தொடவில்லை.

ஆறே முக்கால். யாரும் ஒன்றும் எழுதவில்லை. அவர் வீடு வந்த செய்தி ஆறைத் தவிர எல்லோருக்கும் தெரியும். இனித் திட்டி நடிக்க வேண்டிய அவசியமில்லை என்று நினைத்துவிட்டார்களோ, அல்லது உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தார்களோ. ஆறு ஐம்பது. பதினேழு ஏதோ எழுதுகிற அடையாளம் வந்து வந்து மறைந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மணிக்குப் பதினேழின் செய்தி வந்தது. "பரவாயில்லப்பா. மெதுவா வா." கூடவே கும்பிடுகிற கை.

மாமா ஃபோனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"பார்த்தீங்களா" என்றார். அவ்வளவுதான்.

நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். முக்குக்குப் போக வேண்டிய நேரம். "நம்பரைப் போட்டுடுங்க அப்பா" என்றாள் மனைவி. அவர் காதில் விழவில்லை. ஃபோன் மறுபடி அதிர்ந்தது. அவர் எடுக்காததால் நான் எடுத்தேன். ஆறிடமிருந்து குரல் செய்தி. அழுத்தினேன். ஒவ்வொரு வார்த்தையும் இழுத்து இழுத்து வந்தது.

"ஏண்டா... பதினாலு. எந்திரிச்சியா... இல்லியாடா. என்ற பொண்டாட்டி... டம்ளரைப் புடிச்சுக்கிட்டு... அரை மணி நேரமா நிக்கறா. வெக்கமா... இல்ல?"

மாமா தலையைத் தூக்கினார்.

"இவனும் நடிக்கிறானா?"

"இல்ல மாமா. அவருக்கு மட்டும் யாரும் சொல்லல."

"நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

"டேய், அந்த ஃபோனைக் கொண்டா" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏண்டா ஆறு, நீ பேசறது ஒரு எழவும் புரியல. முதல்ல வாயைத் தொறந்து ஒழுங்காப் பேசப் பழகு. அதுவரைக்கும் உனக்குக் காப்பி கிடையாது" என்று சொல்லி விரலை எடுத்தார். செய்தி போய்விட்டது.

"அப்பா, அவருக்குப் பக்கவாதம்" என்றாள் மனைவி.

"தெரியும்" என்றார். ஆனால் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. ஒரு வருஷமாக யாரும் அந்த மனிதரிடம் இப்படிப் பேசியதில்லை. ஆறு அதைக் கேட்டுவிட்டதற்கான நீல அடையாளம் மட்டும் வந்தது. ஒரு நிமிஷம். இரண்டு. வெளியே முக்கில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை.

குரல் செய்தி வந்தது. முதலில் வெறும் மூச்சு மாதிரி இருந்தது. அது சிரிப்பு என்று புரிய நேரம் பிடித்தது.

"இரு... மைசூருக்கு வாரேன்" என்றார் ஆறு. "வந்து... உன்ற காலை... ஒடைக்கிறேன்."

மாமா தன் இடுப்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அப்புறம் தையல் இழுக்க இழுக்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரோடேயே தடவித் தடவி பதினாலு என்று அடித்தார். மணி ஏழு பதினெட்டு. அடுத்த நொடி பதினேழு விழுந்தது. கூடவே, "யாகோ பதினாலு, லேட்டு. என் தலை சுத்துது, படுபாவி" என்று ஒரு செய்தி. மாமா செய்திக்குக் கீழே இருந்த மணியைப் பார்த்துக்கொண்டார்.

இருபதும் இருபத்திமூணும் வந்தபின் மனைவி தட்டை எடுத்தாள். காபி பச்சைத் தண்ணீராக ஆறியிருந்தது. பஸ் போய்விட்டது என்று எனக்குத் தெரியும். ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து குடித்தேன்.