ஏரியில் பறந்த சிவப்புத் துணி

எங்கள் எருமை ஏரியில் செத்தது கரண்டு அடித்துத்தான். இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். அப்போதும் சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கிளியனூர்ப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த சில வருஷங்களில், அறுபதுகளின் தொடக்கத்தில், அங்கே கரண்டு வந்தது. முதலில் மோட்டார் வாங்கியவர் பெரிய வீட்டுக்காரர். அது அவர் கிணற்றிலேயே கிடந்திருந்தால் எங்களுக்கு என்ன வந்தது? கோடையில் கிணறு வற்றியதும் கரும்புக்குப் பாய்ச்ச மோட்டாரைக் கொண்டுவந்து ஏரியோரம் வைத்தார். தண்ணீர் உள்வாங்க உள்வாங்க மோட்டாரும் ஏரிக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஒயர் எட்டாமல் போனதும் இன்னொரு துண்டை முடிந்து, முடிச்சின் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, சேற்றிலேயே போட்டுவிட்டார். நாலு கம்பு நட்டுத் தூக்கிக் கட்ட அந்த மகராசனுக்கு நேரமில்லை.

எங்களிடம் இரண்டு எருமைகள் இருந்தன. என் மாமியார் பால் கறந்து, பஸ்ஸில் ஏற்றித் திண்டிவனத்து டீக்கடைக்கு அனுப்புவார். வீட்டில் அடுப்பெரிந்தது அந்தப் பாலால்தான். சித்திரை வெயிலில் மதியம் தண்ணீரில் கிடக்காவிட்டால் எருமைக்குப் பால் சுண்டிவிடும். அன்றைக்கும் வழக்கம்போல ஏரிக்கு ஓட்டிப்போனோம். முன்னால் போன எருமை மோட்டார்ப் பக்கம் இறங்கியது, ஒரு தரம் கத்தியது, அப்படியே சாய்ந்தது. பின்னாலேயே இறங்கப் போன மற்றதை மாமியார் கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

பஞ்சாயத்தில் பெரிய வீட்டுக்காரர் வாய் கூசாமல் பேசினார்.

"அதுக்கு வயித்துல இன்னா கோளாறோ, செத்துப்போச்சி. தண்ணியில கரண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஒயரைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். மோட்டார் ஓடும்போது ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி பறந்தால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கட்டுப்பாடு யாருக்கு, மோட்டாருக்கா? எங்களுக்கு!

துணியைக் கட்டினவர் அவிழ்க்கவே இல்லை. மோட்டார் ஓடினாலும் துணி பறந்தது, நின்றாலும் பறந்தது. கரண்டே வராத பகலிலும் பறந்தது. துவைக்கப் போன பெண்களை அவருடைய காவல்காரன் விரட்டினான்.

"செவப்பா பறக்குதே, கண்ணு தெரியல? ஜல்தி ஏறு மேல!"

ஊர் ஏரி ஒரு முழத் துணியில் ஒருவருக்குச் சொந்தமாகிப் போனது. மிஞ்சிய எருமையின் மேல் தெருக்கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிப் பார்த்தோம். பால் பாதியாகக் குறைந்தது. இப்படியே போனால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாக டீக்கடைக்காரர் சொல்லியனுப்பினார்.

சேதி வந்த மதியம் மாமியார் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"எங்க அத்த போறீங்க?"

"ஏரிக்கு. வர்றியா?"

"எருமைய ஓட்டிக்கினு வரட்டுமா?"

"வாணாம், கட்டிட்டு வா. அது வாயில்லாத ஜீவன், அது ஏன் சாவணும்?"

எருமையை முளையில் கட்டினேன். நானும் போனேன். எங்களைப் பார்த்துத் தெருப் பெண்கள் சிலரும் துணிமூட்டையோடு பின்னால் வந்தார்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டுக்காரர் சுவிட்சு இருந்த கொட்டகை அருகே நின்றிருந்தார்.

"ஏங்க, தண்ணியில கரண்டு இருக்குதா, இல்லியா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லன்னு பஞ்சாயத்துலயே சொல்லிட்டேனே. சும்மா பேஜாரு பண்ணாதமா."

"அப்ப எறங்குறோம்."

சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக மோட்டாரை நோக்கி நடந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை. தண்ணீர் எங்கள் பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"ஐயோ, எறங்காதீங்க! எறங்காதீங்கமா!"

வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் கொட்டகைக்குள் ஓடினார் அந்த மனிதர். மோட்டார் நின்றது.

அதற்குப் பிறகுதான் தண்ணீரில் இறங்கினோம். ஒயரைத் தூக்கிக் கட்டும் வரை கரையேறவில்லை. பெரிய வீட்டுக்காரர் கூப்பிட்ட ஆட்கள் சவுக்குக் கம்பு நட்டு, பொழுது சாய்வதற்குள் கட்டி முடித்தார்கள். வேலை அவ்வளவுதான்.

பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே துணி பிழிந்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. எருமை செத்த நாள்வரை, மோட்டார் ஓடும்போதும் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தான் குதித்துக் குளித்தார்கள். பெரிய வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள்கூட இப்படி ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியதில்லை.