திருமதி பார்க் அல்ல, ஹோ மியோங்சுன்

ஞாயிற்றுக்கிழமை காலை குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கொரியர் தேவாலயத்திலிருந்து ஒரு பெண் பேசினார். "மிஸிஸ் பார்க் இன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார்" என்றார். ஐயோ பாவம் என்று சொன்னேன். யாரோ தேவாலயத்து முதியவர் போலும், என்னிடம் ஏன் சொல்கிறார்கள் என்று யோசித்தபடி அடுப்பை அணைத்தேன். பிறகு அந்தப் பெண், "உங்கள் சிநேகிதி. உங்களோடு வேலை செய்கிறவர்" என்றார். அப்போதுதான் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவரை அவருடைய பெயரால் சொல்லாதபடியால், அவர் இறந்த செய்தி என்னிடம் வந்து சேரப் பிந்திவிட்டது. அந்தச் சிறு நேரம் அவருக்காக அழாமல் வேறு யாருக்கோ அனுதாபம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் நம் ஆட்கள் பிள்ளை பெறப் போகும் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்ட்டில், நானும் அவரும் தாதிகள். பிளாக்டவுனிலும் அதைச் சுற்றியும் இன்று தத்தித் தத்தி நடக்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலரை முதலில் தூக்கிய கை அவருடையது. நீங்கள் அவரை "சைனீஸ் நேர்ஸ்" என்றீர்கள். திருத்தினேன். அடுத்த பிரசவத்துக்கு வந்தபோதும் "சைனீஸ் நேர்ஸ்" என்றே கேட்டீர்கள். அவருடைய பெயர் ஹோ மியோங்சுன். ஹோ என்பது குடும்பப்பெயர். கொரியாவில் அதுதான் முதலில் வரும்.

சைகோன் விழுந்த வருஷம் ஹோவும் கணவரும் இங்கே வந்தார்கள். கணவர் பார்க் வியட்நாமில் அமெரிக்கருக்கு லொறி திருத்தியவர். யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் சிட்னியில் வந்து இறங்கி மனைவியை அழைத்துக்கொண்டார். சியோலில் தாதியாகப் பயின்ற அவர் இங்கே மறுபடி பரீட்சை எழுதி எங்கள் வார்ட்டுக்கு வந்தார். முதல் நாள் சட்டையில் குத்தும் பெயர்த்தகட்டைக் கொடுத்தார்கள். கணவரின் பெயரைப் பார்த்து அவர்களே "சிஸ்டர் பார்க்" என்று அடித்திருந்தார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, "இது யார்?" என்று கேட்டார்.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். அவருடைய ஆங்கிலம் மெதுவானது, ஆனால் ஒரு சொல்லும் வீணாகாது. "எனக்கு பார்க் என்று ஒரு கணவர் இருக்கிறார். நான் பார்க் இல்லை. எங்கள் நாட்டில் பெண் யாரைக் கட்டினாலும் அவள் பிறந்த குடும்பப்பெயர் சாகும்வரை அவளோடு இருக்கும்" என்றார். நான் என் தகட்டைக் காட்டினேன். அதில் சிவபாலன் என்று இருந்தது. அது என் கணவரின் சொந்தப் பெயர், எங்களிடம் குடும்பப்பெயர் என்று ஒன்றுமே கிடையாது, இவர்களுக்கு ஒன்று வேண்டும் என்பதால் அவரைத் தூக்கி என் நெஞ்சில் குத்திவிட்டார்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் உன் நிலை என்னுடையதைவிட மோசம்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் ஒரு பெயர்ப்பட்டி கட்டுவோம். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைத்திருக்கமாட்டார்கள். ஆகவே இன்னாருடைய குழந்தை என்று தாயின் குடும்பப்பெயரை எழுதுவோம். தாயின் பெயர் என்றால் தாயின் பெயரா? புருஷனுடையதுதான். ஹோவுக்கு அது பிடிக்கவில்லை. ஒருமுறை நம் பெண் ஒருத்தி, முதற்பிள்ளை பெற்றுக் களைத்துக் கிடந்தவள், பெயர் கேட்டதும் "மிஸிஸ் தர்மலிங்கம்" என்றாள். ஹோ பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அது அவருடைய பெயர். உன்னுடைய பெயர் என்ன?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

"என்ர பேரோ அன்ரி? அது இப்ப எதுக்கு? அவற்ற பேரை எழுதினால் காணும்தானே."

"கேக்கிறா எல்லே. சொல்லு பிள்ளை."

"புஷ்பராணி" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

ஹோ பட்டியில் ஆஸ்பத்திரிக்கு வேண்டியபடி தர்மலிங்கம் என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் புஷ்பராணி என்றும் எழுதினார். அது சட்டத்தில் இல்லாத வேலை. மேற்றன், எங்கள் தலைமைத் தாதி, இரண்டு தடவை கண்டித்தார். ஹோ தலையாட்டிவிட்டு அடுத்த குழந்தைக்கும் அப்படியே எழுதினார். உங்கள் வீட்டு அலுமாரியில் அந்தப் பட்டியைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்.

ஹோ குடும்பங்களின் கதையை அவர் எனக்குச் சொன்னது ஒரு பொங்கல் விழாவில். சொல்ல வைத்தவர் நம் சங்க மலரின் ஆசிரியர் கனகசபை அங்கிள். கொரியப் பழங்கதை ஒன்றில் அயுத்தா என்ற தூர தேசத்திலிருந்து ஓர் இளவரசி கப்பலில் போய் அங்கே ராணியானாள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். ஹோ என்பவர்கள் அந்த ராணியின் வழி என்றும் அறிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இது சின்ன விஷயமில்லை. அயுத்தா எண்டால் அது எங்கட பக்கம்தான். அவவை மேடையில ஏத்த வேணும்."

"அங்கிள், அவ கொரியாக்காரி."

"கொரியாவோ? ரத்தம் எங்கட ரத்தம்."

மேடையேற்றியும் விட்டார்கள். பொன்னாடை போர்த்தி, தமிழ் இளவரசியின் வாரிசு என்று சொல்லிக் கைதட்டினார்கள். அந்த நாளும் அவருடைய பெயரை யாரும் சரியாகச் சொல்லவில்லை. இறங்கி வந்து பொங்கலைச் சாப்பிட்டபடி ஹோ சொன்னார்: "அந்த ராணி எந்த ஊர்க்காரி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ராணி என்ன கேட்டாள் என்று ஒருவரும் கேட்பதில்லை."

நான் கேட்டேன். ராணிக்குப் பத்துப் பிள்ளைகளாம். முதுமையில் அவள் ராஜாவிடம், "நான் இந்த நாட்டுக்குக் கடல் தாண்டி வந்தவள். நான் செத்தால் என் பெயரும் என்னோடு செத்துப்போகும். இரண்டு பிள்ளைகளுக்கு என் பெயரைக் கொடுங்கள்" என்றாளாம். ராஜாவின் குடும்பப்பெயர் கிம். அவன் சம்மதித்தான். அந்த இருவரின் வழிவந்தவர்கள்தான் கிம்ஹே என்ற ஊரைப் பூர்வீகமாகச் சொல்லும் ஹோக்கள். தாயின் பெயரைத் தாங்கிய வம்சம். அதனால் கிம்ஹே ஊர் கிம்களும் கிம்ஹே ஊர் ஹோக்களும் இன்றைக்கும் சகோதரர்கள், கல்யாணம் கட்டமாட்டார்கள். இங்கே தேவாலயத்தில் ஒரு கிம் பையனுக்கு ஹோவின் தங்கையைப் பேசினார்களாம். பூர்வீகம் எது என்று விசாரித்ததும் பேச்சு அதோடு நின்றது. அவன் அன்றிலிருந்து ஹோவை அக்கா என்று கூப்பிட்டு வீட்டுக்கு மீன் கொண்டுவரத் தொடங்கினான். அவர்கள் ஊரைக் கேட்பது உறவு முறைக்கு. நாங்கள் பிளாக்டவுனிலும் "ஊரிலை எவ்விடம்?" என்று கேட்பது எதற்கு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஹோக்கள் எங்கெங்கே போனார்கள் என்று அவர் சொல்லும்போது ஒரு குடும்பத்தின் கதையாக அது இராது. பாட்டனாரின் தம்பி ஹவாய்க்குக் கரும்பு வெட்டப் போனவர். ஒரு பெரியப்பா பஞ்சத்தில் மஞ்சூரியாவுக்கு நடந்து போனவர். ஒசாகாவில் ஒரு சித்தப்பா. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அவருடைய பெயரைப் பிடுங்கி ஜப்பானியப் பெயர் ஒன்றை மாட்டினார்கள், இன்னும் அதோடுதான் இருக்கிறார். ரஷ்ய எல்லைப் பக்கம் போனவர்களை ரயிலில் ஏற்றி எங்கோ வெட்டவெளிக்குக் கொண்டுபோனதாகத் தாய் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் ஹோ என்பதை ஒரு விதமாக எழுதுகிறார்கள், ஹவாயில் இருப்பவர்கள் வேறு விதமாக. "ஒவ்வொரு துறைமுகத்திலும் மேசைக்குப் பின்னால் ஒருவன் இருந்தான். தன் காதுக்குக் கேட்டதை எழுதினான். நாங்கள் ஒரே வீட்டுக்காரர். காகிதத்தில் ஆறு வீடு" என்றார் ஹோ.

சிட்னியிலும் மேசைக்குப் பின்னால் ஒருவன் இருந்தான். நிரந்தர வதிவிடத்துக்காக ஹோவும் கணவரும் போனபோது, கணவனுக்கு ஒரு குடும்பப்பெயர், மனைவிக்கு வேறு குடும்பப்பெயர் என்பதைப் பார்த்துவிட்டு, "நீங்கள் உண்மையில் கல்யாணம் செய்தவர்கள்தானா?" என்று கேட்டானாம். சான்றிதழ் கொரிய மொழியில் இருந்தது. மொழிபெயர்ப்பைக் காட்டியும் அவன் சிரித்தானாம். தேவாலயத்தில் ஒருவர், வம்பு வேண்டாம், பார்க் என்றே எழுதிவிடுங்கள், சுலபம் என்று புத்தி சொன்னார். எழுதினார்கள். அன்றைக்கு ஹோ நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போனது.

"எங்கள் ஊரில் என் தகப்பனாரின் அக்காவின் கல்லறையில் 'கிம்ஹே ஹோ' என்று மட்டும் இருக்கிறது" என்றார். "பெண்ணுக்குச் சொந்தப் பெயர் இருந்தது என்று கல்லுக்குத் தெரியாது. அங்கே மியோங்சுன்னை எடுத்துக்கொள்வார்கள். இங்கே ஹோவை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் என்ன?"

ஆறிய தேநீரைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினேன். செத்தால் என் கல்லில் இரண்டையும் போடச் சொல் என்றார், பகிடிபோல. நானும் பகிடிபோல ஓம் என்றேன்.

தொலைபேசி வந்த அந்த ஞாயிறு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பஸ் தரிப்பில் மயங்கி விழுந்தவரை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருந்தார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அவரைக் கடைசியாகத் துடைத்து உடுத்திவிடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். காலில் கட்ட வேண்டிய அட்டையை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். பார்க். மரணச் சான்றிதழிலும் பார்க். நான் மாடிக்கு, எங்கள் வார்ட்டுக்குப் போனேன். குழந்தைகளுக்குக் கட்டும் பெயர்ப்பட்டி இரண்டை எடுத்து, ஒன்று அவருடைய மணிக்கட்டுக்குப் போதாது என்பதால் சேர்த்து ஒட்டி, அவர் சொல்லித்தந்தபடி எழுதினேன். ஹோ மியோங்சுன். பொறுப்புத் தாதி வந்து, பெயர் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றார்.

"காலில் நீங்கள் வைத்த பெயரைக் கட்டியிருக்கிறீர்கள். கை அவருடையது" என்றேன்.

என் குரலைக் கேட்டு அவர் வெளியே போய்விட்டார். பிறந்த பிள்ளைக்குக் கட்டுவதுபோல, இறுக்காமல், நழுவாமல், கட்டினேன்.

மயானத்தில் பெட்டியின் மேல் பித்தளைத் தகடு மினுங்கியது. மிஸிஸ் பார்க். பார்க்கைத் தனியே கூப்பிட்டு, நீங்களுமா என்று கேட்டேன். உங்கள் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். இன்னும் கடுமையாகவும் ஏதோ சொன்னேன். அந்த மனிதர் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெயரை மாற்றிச் சொன்னால், இவர் உன் மனைவிதானா என்று மறுபடியும் கேட்பார்கள்" என்றார். "உயிரோடு இருந்தபோது பக்கத்தில் நின்று ஓம் என்று சொன்னாள். இப்போது நான் தனியே எப்படி நிரூபிப்பேன்?"

என் கோபம் அவரை விட்டுவிட்டது. ஆனால் போகவில்லை, அந்த மேசைக்கும் அதற்குப் பின்னால் சிரித்தவனுக்கும் திரும்பிப் போனது. மனைவியைப் புதைக்க வந்தவனை இப்படிப் பயப்பட வைக்கிற சுலபம் என்ன சுலபம்? ஹோவின் மணிக்கட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிடம் சொன்னேன். அவர் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, கல் வெட்டுகிறவரிடம் போகும்போது நீங்களும் வருவீர்களா என்று கேட்டார். வருவேன் என்றேன். கல் இன்னும் வெட்டப்படவில்லை.

இந்த அஞ்சலியை எழுதும்படி கேட்டவர் அதே கனகசபை அங்கிள்தான். தலைப்பையும் அவரே தயாராக வைத்திருந்தார்.

"'திருமதி பார்க் அவர்களுக்கு அஞ்சலி' எண்டு போடுவம் பிள்ளை. அதுதான் மரியாதை."

"அவவின்ர ரத்தம் எங்கட ரத்தம் எண்டீங்கள் அங்கிள். பேரை மட்டும் விட்டிட்டீங்களே. அப்பிடியெண்டால் நான் எழுதேல்லை."

அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி, சரி. நீ சொல்லுறபடி போடுவம்" என்றார். போட்டிருக்கிறார். இந்த உரையாடலையும் வெட்டாமல் போட்டிருந்தால் அவருக்கு என் நன்றி.

ஹோவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் குத்தாமல் வார்ட் மேசையிலேயே விட்டுவைத்திருந்த அந்தப் பெயர்த்தகடு அல்ல. அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். வைத்துக்கொண்டது அவருடைய கேள்வியை. அவரைப் புதைத்த மறுநாள் வேலைக்குப் போனேன். நம் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றிருந்தாள். பேனையையும் பட்டியையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்து பெயர் கேட்டேன். அவள் புருஷனுடைய பெயரைச் சொன்னாள்.

"அது அவற்ற பேர், பிள்ளை. உன்ர பேர் என்ன?"

– பரமேஸ்வரி