அக்காவின் பாதி

எங்கள் வீட்டுக் கணினியை அக்கா இரண்டாகப் பிரித்தபோது எனக்குப் பதினொரு வயது. யாழ்ப்பாணத்து அரியாலை வீட்டில் அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர்தான். அக்கா பக்கத்துத் திருநெல்வேலியில் இருக்கிற யாழ் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. அவளுடைய ஆய்வு வேலைக்கு லினக்ஸ் இயங்குதளம் வேண்டுமாம். எனக்கோ விண்டோஸில்தான் படம் வரையத் தெரியும். சண்டை வேண்டாமென்று ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைக்கத் தீர்மானித்தாள்.

ஒரு பின்னேரம் வன்தட்டில் இடம் பிரிக்கத் தொடங்கினாள். "இப்ப கரண்ட் போச்சுதெண்டால் உன்ரையும் போகும், என்ரையும் போகும்" என்றாள். வேலை முடியும்வரை நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காலம், அது நிற்கவில்லை. அன்றிலிருந்து கணினியைத் திறந்தால், எதைத் திறப்பதென்று கேட்டு முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் மேல்வரி அக்காவினுடையது, கீழ்வரி என்னுடையது. உடனே கீழே இறங்காவிட்டால் அவளுடையது திறந்துவிடும். அந்த அவசரம்கூட எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் இலண்டனிலிருந்து மாமா விடுமுறையில் வந்தார். அங்கே ஏதோ கணினி நிறுவனத்தில் வேலை. வரும்போதே அக்காவுக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். ஆய்வைக் கொடுத்து முடித்த பிறகுதான் பதில் சொல்வேன் என்றாள் அக்கா.

"இஞ்சை கிடந்து படிச்சு என்னத்தைக் காணப்போறாய்? மாப்பிள்ளை பகுதி காத்துக்கொண்டிருக்காது" என்றார் மாமா. அக்கா அசையவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்து கணினியைத் திறந்தேன். கறுப்புத் திரையைக் காணவில்லை. நேரே விண்டோஸ் வந்து நின்றது.

"உதிலை பெரிய வைரஸ் ஒண்டு கிடந்தது. எடுத்துப்போட்டன்" என்றார் மாமா, தேநீரை உறிஞ்சியபடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது வைரஸ் இல்லை மாமா! அக்கான்ரை லினக்ஸ்! அவவின்ரை வேலை முழுக்க அதுக்கைதான் கிடந்தது!"

"வாயை மூடு" என்றாள் அம்மா. "மாமா கொம்பியூட்டரோடை வேலை செய்யிறவர். அவருக்குத் தெரியாததே?" சொல்லிவிட்டு, அவருக்கென்று வாங்கிய நண்டைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு அந்தக் கறியும் வேண்டாம், சோறும் வேண்டாம் என்று கத்தினேன்.

அக்கா வந்து திரையைப் பார்த்தாள். மாமாவைக் கிழித்துத் தொங்கவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"உன்ரை படங்கள் கிடக்கோ?"

"ஓம், ஒண்டும் போகேல்லை."

அவள் திரும்பி மாமாவைப் பார்த்தாள். மாமா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு அவள் விடிந்தவுடன் பஸ் ஏறிப்போய், பல்கலைக்கழகத்துக் கணினிக்கூடத்தில் இருந்து, நண்பியிடம் கிடந்த பழைய பிரதியை வைத்து மிச்சத்தைத் திரும்ப எழுதினாள். ஆய்வைக் கொடுத்து முடித்தாள். மாப்பிள்ளை பகுதி வேறு இடம் பார்த்துக்கொண்டது. மாமாவோடு அவள் பிறகு கதைக்கவேயில்லை.

அது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. கணினி நிறுவனத்தில் இருந்துகொண்டு லினக்ஸைத் தெரியாத மனிதர் மீது எவ்வளவு காலம்தான் கோபிப்பது? கறுப்புத் திரையைக் கண்டு வைரஸ் என்று பயந்துபோன மாமாவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒரே பெட்டிக்குள் இருந்த இரண்டு பாதிகளில், என் படங்களில் ஒரு கோடுகூட அழியாமல் அக்காவினுடையதை மட்டும் துடைத்தெடுக்க, அவருக்கு எவ்வளவு நன்றாகக் கணினி தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.