ரோட்டில் போட்ட உளுந்து

நாற்பத்தாறாயிரத்து எண்ணூறு. மெக்கானிக் நீட்டிய பில்லில் இருந்த தொகை அது. நான் அவசரத்தில் நாலாயிரத்து அறுநூற்று எண்பது என்று படித்துவிட்டு, அதற்கே முகத்தைச் சுளித்தேன். "ஒரு சைபர வுட்டுட்டீங்க டீச்சர்" என்றார் அவர்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில், கோட்டைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். நான் தனியார் பள்ளியில் டீச்சர். இரண்டு பேர் ஓட்டிச் சலித்த காரை மூன்றாவதாக வாங்கியவள். பேங்கில் ஐம்பத்திரண்டாயிரம் இருந்தது. அது மகளின் நர்சிங் காலேஜ் ஃபீஸ். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அன்று புதன்கிழமை.

கோபம் வந்தால் எனக்கு வாய் முந்திக்கொள்ளும், புத்தி பிறகுதான் வரும். "கடகடன்னு சத்தம் வருதுன்னுதான வுட்டேன்? சத்தத்துக்கு இவ்ளோவா? பொம்பள தனியா வந்தா இன்னா வேணா எழுதிடுவீங்களா?" என்று கத்தினேன். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. "திங்கக்கெழம ஃபோன் பண்ணேனே டீச்சர். கியர்பாக்ஸ் எறக்கணும், செலவாவும்னு சொன்னேன். செய்ங்கன்னீங்களே."

சொன்னார்தான். ஏழாம் வகுப்பின் இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, "சரிசரி, பாத்து செய்ங்க" என்று வைத்துவிட்டேன். தெரிந்தவரிடம் முன்கூட்டியே விலை கேட்பது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். கடைசியில் வாயைப் பிளப்பதில் மட்டும் குறைச்சல் கிடையாது.

அவர் உள்ளே போய் ஒரு பழைய சிமெண்ட் சாக்கை எடுத்துவந்து தரையில் கொட்டினார். கிரீஸில் ஊறிக் கறுத்து, கயிறாக முறுக்கிக்கொண்ட செடிகள்.

"ரெண்டு சக்கரத்துலயும் உள்ள சுத்தியிருந்துது. அறுத்து எடுக்கவே அரை நாள் ஆச்சி. ரப்பரெல்லாம் கிழிஞ்சி, சீல் போயி, கியர் ஆயில் மொத்தமா ஒழுகிடுச்சி. ஆயில் இல்லாமயே ஒரு வாரம் ஓட்டியிருக்கீங்க. தீப்புடிக்காம இருந்ததே பெருசு. எவனோ ரோட்ல பரப்பி வெச்சிருந்தத தெரியாம ஏத்திட்டீங்க போல."

எவனோ இல்லை. என்னைப் பெற்ற நைனாதான்.

பறித்த உளுந்துச் செடியைத் தார்ரோட்டில் பரப்பி, போகிற வருகிற வண்டிகளை மிதிக்கவிட்டு மணி பிரிப்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது. போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நைனாவின் ஊரான தொண்டூருக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து இரண்டு பைக்கைத் தவிர ஒரு வண்டியும் வரவில்லை. "உன் கார்ல நாலு நடை ஓட்டி வுட்டுட்டுப் போயேம்மா" என்றார் நைனா. நாலு நடையா? முப்பதுக்குக் குறையாது. முன்னால் ஓட்டி, பின்னால் எடுத்து, நெற்றுகள் பட்பட்டென்று வெடிக்கிற சத்தத்தைக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு!

அந்த மெக்கானிக்கை ஊரே பார்க்கத் திருடனாக்கிவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது. "மன்னிச்சிடுங்க" என்றேன். கத்தின அளவுக்கு இது சத்தமாக வரவில்லை.

அந்த நேரம் பார்த்து நைனாவே வந்து நின்றார். மார்க்கெட் கமிட்டியில் உளுந்தை ஏலத்தில் போட்டுவிட்டு, நான் கார் எடுக்க வருவது தெரிந்து, என்னோடு ஊருக்குப் போய்விடலாம் என்று வந்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "நாலு மூட்ட! இருபத்தெட்டாயிரம்மா!"

பிறகுதான் தரையில் கிடந்ததைப் பார்த்தார். குனிந்து ஒரு செடியை எடுத்தார். அதில் வெடிக்காத நெற்று ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நசுக்கிப் பார்த்தார்.

"எவ்ளோ ஆச்சி?" என்று மெக்கானிக்கைக் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொகையைச் சொன்னார். நைனா அப்படியே பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷ வெள்ளாமையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டியே தீர்த்திருக்கிறோம்.

பிறகு எழுந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து உளுந்துப் பணம் மொத்தத்தையும் எடுத்து, எண்ணாமல் என் கையில் வைத்து அழுத்தினார். "புள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னியே."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் முந்துகிற வாய் அன்று திறக்கவே இல்லை. வாங்கிக்கொண்டேன். மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, மீதியை மாசாமாசம் தருகிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். நான் கார் கதவைத் திறந்து, "வா நைனா, வுட்டுட்டுப் போறேன்" என்றேன்.

அவர் காரைத் தொடக்கூட இல்லை, ரெண்டடி தள்ளியே நின்றார். "வாணாம்மா, பெட்ரோல் வேற எதுக்கு. பஸ்ஸுக்கு மட்டும் ஒரு இருவது ரூவா குடு."