மாமியின் வெள்ளைச் சப்பாத்து

மாமியின் வெள்ளைச் சப்பாத்து இன்னமும் எங்கள் லண்டன் ரெய்னர்ஸ் லேன் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரியில் கிடக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களைப் பார்க்க வந்த என் கணவரின் தாய்க்கு வாங்கியது. சேலைக்குக் கீழே இதென்ன கோலம் என்று முதலில் முகத்தைச் சுளித்தார். குளிர் பாதத்தில் ஏறிய பிறகு, கழற்றச் சொன்னாலும் கழற்றமாட்டார்.

அவரை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கணவரின் திட்டம். அங்கே சண்டை, தனி வீடு. மாமிக்கோ வந்த நாளிலிருந்து திரும்பிப் போகிற கதைதான். இளைய மகனை ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்துக்கொண்டு போய் வருடங்களாகிவிட்டன. இருக்கிறான் என்றும் தகவல் இல்லை, இறந்தான் என்றும் இல்லை. "அவன் வந்தால் ஆர் கதவு திறக்கிறது?" என்பார் மாமி. அவனுக்குச் செய்ய வேண்டிய இறுதிக் கிரியைகளைச் செய்துவிடுவோம் என்று இவர் ஒருமுறை வாய் திறந்தார். மாமி சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போனார்.

லண்டனைச் சுற்றிக் காட்டினால் மனம் மாறும் என்று இவர் நம்பினார், பாவம். பிக் பென்னுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். "எங்கடை மணிக்கூட்டுக் கோபுரம் என்ன குறைஞ்சு போச்சே?" என்றார் மாமி. அரண்மனை வாசலில், "இவ்வளவு அறையையும் ஆர் கூட்டுறது?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவருக்கு எரிச்சல்.

வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள்ளும் அரசர், அரசியர் கல்லறைகளை விறுவிறென்று கடந்தார். தரையில் பெயர் பொறித்துக் கிடந்த பெரிய மனிதர்கள் மேல் எல்லோரும் நடந்தார்கள், அவரும் நடந்தார். வாசலுக்கு அருகே ஒரு கறுப்புக் கல் மட்டும், சுற்றிவரச் சிவப்புப் பூக்களோடு, ஒருவர் காலும் படாமல் கிடந்தது. இது ஆர் என்று கேட்டார். பெயர் தெரியாத போர்வீரன், போர்க்களத்திலிருந்து கொண்டுவந்து புதைத்தார்கள், ராணிகூட இதை மிதிக்கமாட்டார் என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆரின்ரை பிள்ளை எண்டும் தெரியாதோ?"

"தெரியாது மாமி."

மாமி குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். அந்தக் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்று கும்பிட்டார். காவலாள் ஒருவர் எங்களை நோக்கி வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த கூட்டத்தை மற்றப் பக்கமாக அனுப்பிவைத்தார். அந்த மனிதர் நன்றாயிருக்க வேண்டும்.

திரும்பும் ரயிலில் மாமி மகனிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்கு ஒரு நாடே காவல் நிக்குது. என்ரை பிள்ளைக்கு நான் மட்டும்தானே ராசா. என்னை விடு, நான் போறன்." இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போகும்போது சப்பாத்தை விட்டுவிட்டுத்தான் போனார். "அங்கை இதென்னத்துக்கு?" தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது, அயலவர்கள் கையைப் பிடித்து இழுத்தும் வீட்டை விட்டு அசையவில்லையாம். கடைசியில் வெளிக்கிட்டு, வழியில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டோம். எந்த இடத்தில் எரித்தார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவர் பார்த்திருந்த மகனும் வரவேயில்லை.

சென்ற மாதம் டொரன்டோவிலிருந்து வந்த தங்கைக்கு லண்டன் காட்டப் போனேன். அந்தக் கறுப்புக் கல்லின் முன்னால் குனிந்து என் சப்பாத்தைக் கழற்றினேன்.

"என்னக்கா, காலிலை ஏதும் குத்திப்போட்டுதோ?"

"இல்லையடி. மாமியைக் கும்பிட எனக்கு வேறை இடமில்லை."