ஓட்டைக்குள் சந்தனம்

எந்த ஒயர் எந்த ஓட்டையில் போகும் என்று பார்க்கச் சோம்பல்படுகிறவர்களுக்காக அடுத்தவர் குனிந்து முதுகொடிகிற தொழில்தான் கம்ப்யூட்டர் சர்வீஸ். என்னைப் போல மேஜைக்கு அடியில் தவழ்ந்து வயிறு வளர்த்த சக பாவிகளே, இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் வடசென்னையில் ராயபுரத்துக்கும் எர்ணாவூருக்கும் நடுவே நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆணி அடித்தவர்

திருவொற்றியூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. புது கீபோர்டு வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் போன் செய்தார். கீபோர்டு ஒயரின் முனையில் ஒரு பக்கம் குறி இருக்கும். அதைப் பார்த்து நேராக வைத்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடும். அவர் தலைகீழாக வைத்து, கட்டிங் பிளேயரால் பின்பக்கம் தட்டியிருக்கிறார். உள்ளே இருந்த கம்பியெல்லாம் நசுங்கிப் படுத்துவிட்டது.

ஏன் சார் தட்டினீங்க என்று கேட்டதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போவலன்னா தட்டித்தான ஏத்தணும்? நீ ஆணி அடிச்சதே இல்லியா?"

ராயபுரத்து மேனேஜர்

கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போகச் சீட்டு அடித்துக் கொடுக்கும் ஆபீஸ் அது. முதல் நாள் நான் போனதும் மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வேறு யாரையோ தேடினார். நான்தான் இன்ஜினியர் என்றேன். காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

கம்ப்யூட்டர் ஓடும்போது கீபோர்டைப் பிடுங்காதீர்கள், போர்டில் ஃபியூஸ் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு மத்தியானம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி வேறொன்றை மாட்டினார்கள். ஃபியூஸ் போனது. அந்தப் பொண்ணு கை வைத்ததிலிருந்துதான் இப்படி என்று மேனேஜர் எங்கள் சர்வீஸ் கடை ஓனருக்குப் போன் போட்டுவிட்டார்.

அப்பா வேலை பார்த்த ஃபேக்டரி மூடிக்கிடந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஓனருக்கும் அது தெரியும். ஆனாலும் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த ஆபீஸ்லேர்ந்து இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சுன்னா, நீ வூட்டாண்டயே இருந்துக்கமா."

பூஜை முடிந்த பிறகு

ஆயுத பூஜை லீவு முடிந்து அந்த ஆபீஸைத் திறந்தார்கள். மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. சீட்டு இல்லாமல் லாரிகள் ரோடு வரைக்கும் நின்றன. இந்த முறை ஓனரும் என்னுடன் வந்தார். லீவுக்கு முன்னால் நான் வந்து கெடுத்துவிட்டுப் போனதாக மேனேஜர் அவரிடம் ஒப்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மேஜைக்கு அடியில் புகுந்து மானிட்டர் ஒயரின் திருகாணிகளைக் கழற்றி இழுத்தேன். கம்ப்யூட்டரின் முதுகில் அந்த ஒயர் போகிற குட்டி ஓட்டைகள் முழுக்க மஞ்சளாக அடைத்துக் கிடந்தன. எல்லாம் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம் வேறு. பூஜைக்காக ஒயர்களையெல்லாம் பிடுங்கித் துடைத்து, கல்லாப் பெட்டிக்கும் பூட்டுக்கும் வைத்த கையோடு முதுகுப் பக்கத்துக்கும் பொட்டு வைத்திருக்கிறார்கள். அது காய்வதற்குள் ஒயரைச் செருகி முறுக்கிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி மேனேஜர் முகத்துக்கு நேராக வைத்தேன். "இது என் கை வேலையா சார்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசியும் ஸ்பிரிட்டும் வைத்து ஒவ்வொரு ஓட்டையாகச் சுத்தம் செய்தேன். மானிட்டர் வந்தது. பிரின்டர் சீட்டு அடிக்க ஆரம்பித்தது. லாரிகள் நகர்ந்தன. மன்னிப்புகூட வேண்டாம், இந்தப் பொண்ணு மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நின்றேன். ஓனரும் பக்கத்தில்தான் நின்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மேனேஜர் என்னைத் தாண்டி அவரிடம் சொன்னார். "சரி, இப்ப ஓடுது. அடுத்த வாட்டியாவது இன்ஜினியர அனுப்புங்க."

என் வேலை பிழைத்துக்கொண்டது. சந்தனம் அடைத்த ஓட்டையை ஊசியால் குத்தி எடுத்துவிட்டேன், அந்த மேனேஜரின் காதை அடைத்ததை எதை வைத்துக் குத்தி எடுப்பது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.